மோட்டாரைக் கழற்றிய காத்துக்காரர்

காத்துக்காரர் என்ற பெயரை நான் முதலில் கேட்டது, என் தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த அன்று. தங்கையின் கொழுந்தனார்தான் சிரித்தார். "டயருக்குக் காத்தடிக்கிறவனுக்கா பொண்ணைக் குடுக்கப் போறீங்க? ஊதியே தள்ளிடப் போறான்!"

"குடிச்சிட்டு விழுந்து கிடக்கிறவனுக்கு இவன் எவ்வளவோ மேல்" என்று என் தங்கை வாயை அடைத்துவிட்டாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற கடை காத்துக்காரருடையது. எதைக் கழற்றினாலும் திருகுகளைக் கழற்றின வரிசையிலேயே சாக்கின்மேல் அடுக்கி வைப்பார். திருகு சிதறிவிடும் என்று, தும்மக்கூட மறுபக்கம் திரும்பித்தான் தும்முவார்.

தங்கைக்குப் பெண்ணுக்கு அடுத்தது ஒரே மகன். கப்பலின் அடியில் ஒட்டுகிற சிப்பியைத் தண்ணீருக்குள் மூழ்கிச் சுரண்டுவது அவன் தொழில். ரப்பர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குவான். கரையில் கரண்டில் ஓடுகிற கம்ப்ரசர் அனுப்புகிற காற்றுதான் கீழே அவனுக்கு மூச்சு.

திடீரென்று, கப்பல் வெளியே நங்கூரமிட்ட இடத்திலேயே சுரண்ட வேண்டும், கரையோரம் கூடாது என்று உத்தரவு வந்தது. நடுத்தண்ணீரில் கரண்டுக்கு எங்கே போவது? அக்காள் புருஷனாகிவிட்ட காத்துக்காரரிடம் வந்து நின்றான்.

"மாமா, மோட்டாரைத் தூக்கிட்டு பெட்ரோல் இன்ஜின் வச்சுக் குடுங்க. படகுல ஏத்திக்கிறேன்."

"படகையே ஆட்டி எடுத்துடும்டா மச்சான்."

"நான் கீழே இருக்கப்போறவன். ஆட்டமெல்லாம் உங்களுக்குத்தான்!"

மூன்று நாள் கடையைத் திறக்கவில்லை. தண்ணீர் இறைக்கும் பழைய இன்ஜின் ஒன்றைப் பிடித்து வந்தார். மோட்டாரைவிட அது வேகமாகச் சுற்றும் என்று பெல்ட் ஓடுகிற சக்கரத்தை மாற்றினார். இன்ஜின் சக்கரமும் கம்ப்ரசர் சக்கரமும் நேராக நிற்கிறதா என்று நூல் கட்டிப் பார்த்தார். அவர் பயமெல்லாம் கம்ப்ரசர் காற்றை அடைத்து வைக்கிற டாங்கியின் மேல்தான். டாங்கி நிறைந்தால் மோட்டார் தானாக நின்றுவிடும். இன்ஜினுக்கு அது தெரியாது, டாங்கி வெடிக்கிறவரை அடித்துக்கொண்டே இருக்கும். அதற்காக, மிஞ்சுகிற காற்றை வெளியே விடும் வால்வு ஒன்றைப் பொருத்தினார்.

"காதைப் பொத்திக்குங்க அத்தை" என்று என்னை நிறுத்திவைத்து ஓட்டிக் காட்டினார். வால்வு சீறியதும் அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

கரண்டில் ஓடியவரை புகை என்ற பேச்சே இல்லை. இப்போது இன்ஜின் புகை கக்கும். கம்ப்ரசர் காற்றை இழுக்கிற வாயை ஒரு பக்கமும் புகைக்குழாயை மறுபக்கமும் வைத்தார். இடையே ஒரு கை நீளம். அது போதும் என்று நினைத்துவிட்டார்.

இரண்டு நாள் வேலை நன்றாக நடந்தது. மூன்றாம் நாள் முற்பகல், படகைக் கப்பலின் விலாவோடு கட்டியிருந்தபோது காற்று திசை மாறியது. புகை திரும்பிப் படகுக்குள்ளேயே கவிழ்ந்தது.

"கண்ணு எரியுதுண்ணே, இப்படித் தள்ளி உக்காருங்க" என்றான் படகுக்காரன்.

காத்துக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார். அப்போதும் கண் டாங்கியில் காற்றின் அளவைக் காட்டுகிற முள்மேல்தான். இயந்திரமும் அது காற்றை இழுக்கிற வாயும் இருந்த இடத்திலேயே இருந்தன.

கீழே மச்சான் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை ஒரு தரம் இழுத்தால் கீழிருந்து ஒரு தரம் பதில் வர வேண்டும். இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். பிறகு இருவரும் சேர்ந்து ஆளையே மேலே தூக்கினார்கள்.

உதடெல்லாம் சிவந்திருந்ததாம். "நல்ல நிறமா இருக்கான், மயக்கந்தான்" என்று படகுக்காரன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தானாம். ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள், புகையைக் குடித்தவர்களுக்கு அப்படிச் சிவக்கும் என்று. உயிர் தண்ணீருக்குள்ளேயே போயிருந்தது.

காரியமெல்லாம் முடிந்தபின் என் தங்கை அவரைக் கூப்பிட்டாள். குரலை உயர்த்தவில்லை, மரியாதையையும் விடவில்லை.

"மாப்ளே, புகை கண்ணுல பட்டதும் நீங்க தள்ளி உக்காந்தீங்களாமே?"

"ஆமாங்க அத்தை."

வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை.

மறுநாள் அந்த இயந்திரத்தைக் கடைக்குக் கொண்டுபோய், கடைசித் திருகுவரை கழற்றிச் சாக்கின்மேல் வரிசையாக அடுக்கினார். திரும்பப் பூட்டவில்லை. கடையையும் அதன்பின் திறக்கவில்லை. என் தங்கை மகள் அவரைவிட்டுப் போகவில்லை. தட்டை முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவ்வளவுதான் அவர்களுக்குள்.

இப்போது அவர் பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறார். குடியிருப்பது என் தங்கை வீட்டுப் பின்னறையில், மச்சான் படுத்திருந்த அறையில்.