புழுக்கையில் கடுகு

காட்டில் கிடக்கிற எச்சத்தைப் பார்த்து எந்த மிருகம் போட்டது என்று சொல்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஆடு மாடு ஓட்டின யாரும் சொல்வார்கள். வழியின் நடுவில், கல்லின் மேலோ புற்றின் மேலோ ஏறிப் போட்டிருந்தால் நரி. முறுக்கிக்கொண்டு ஒரு முனை வாலாக ஒடுங்கியிருக்கும். உள்ளே மயிரும் இலந்தைக் கொட்டையும் இருக்கும். வெறும் கொட்டைகளாகப் பாறை மேல் குவிந்திருந்தால் மரநாய். முனையில் சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளையாக இருந்தால் உடும்பு. வண்டின் இறக்கை மினுங்கி, நாற்றம் மூக்கைத் துளைத்தால் கீரி. முயல் போடுவது தட்டை உருண்டை. நசுக்கினால் வைக்கோல் தூளாக உதிரும், வாசனையே இருக்காது.

இதெல்லாம் எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் போனதும் இல்லை. மாட்டுக்குப் பின்னால் நடக்கிறவன் தரையைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும், பாம்பு இருக்கும், முள் இருக்கும். தரையைப் பார்த்தால் இதுதான் கண்ணில் படும்.

என் மனைவியின் செவலை ஆடு காணாமல் போனபோது நான் காட்டுக்குள் போய் முதலில் தேடியது ஆட்டை இல்லை, எச்சத்தை. தின்றது எதுவாக இருந்தாலும் மறுநாள் போட்டுத்தானே ஆக வேண்டும். ஆட்டு மயிர் அதில் வரும்.

அந்த ஆடு அவளுடையது என்று சொன்னால் போதாது. அதன் தாய் ஈன்ற அன்றே செத்துவிட்டது. இவள்தான் குட்டிக்குப் புட்டியில் பால் கொடுத்து, சேலை முந்தானையில் சுற்றிப் பக்கத்தில் படுக்க வைத்து வளர்த்தாள். எங்கள் மகன் சேரப்பணஞ்சேரியில் தனி வீடு பார்த்துக்கொண்டு போனபோதுகூட அவள் சாப்பிடாமல் இருக்கவில்லை. ஆடு வராத அன்று சாப்பிடவில்லை. அது நிறை சினை. மடி இறங்கிவிட்டது, இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அவரு பாத்துக்குவாரு. நீ இன்னாயா இங்க குந்திகினு கீற? அவருக்குக் கால் வலிக்காதா, நீயும் கொஞ்சம் தேடு.”

எங்கள் ஊருக்கும் வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்கும் நடுவில் ஒரு துண்டுக் காடு இருக்கிறது. காடு என்றால் சீமைக் கருவேலமும் ஈச்சம்புதரும் பாறையும்தான். மூன்று பக்கம் கம்பெனி வேலி. நாலாவது பக்கம் எங்கள் ஊர். வேலி ஓரத்தில் ஒரு மூலையில் கம்பெனிப் பையன்கள் தங்குகிற மூன்று மாடிக் கட்டடம். மாடி முழுக்க ஒரே நிறத்தில் சட்டைகள் காயும். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரே ஆள் ஐம்பது சட்டை வைத்திருக்கிற மாதிரி இருக்கும்.

காலையில் நான் கிளம்பும்போதே என் மச்சான் வந்துவிட்டான். மனைவியின் தம்பி. நான் கூப்பிடவில்லை. அவனுக்கு யார் சொன்னது என்றும் தெரியவில்லை. செல்போனை நீட்டினான். ஒரு சுவர் மேல் சிறுத்தை படுத்திருக்கிற படம். நம்ம பக்கத்துக் கம்பெனி சுவர்தான் என்று சத்தியம் செய்தான். அந்தப் படத்தில் சுவருக்குப் பின்னால் மலை தெரிந்தது. எங்கள் ஊரில் மலை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவன் செல்போனைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அவன் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. அவன் பேத்திக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். விருந்துக்கு அந்தச் செவலையைக் கொடு என்று சினை பிடிப்பதற்கு முன்னாலேயே அக்காவிடம் கேட்டிருந்தான். அவள், என்னை அறுத்துப் போட்டுக்கோ, அதைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கேட்டு இல்லையென்றால் அவன் மறக்கிறவன் இல்லை. சின்ன வயதில் ஒரு கோலிக்குண்டுக்காக ஒரு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தவன்.

காட்டுக்குள் போனோம். அவன் முன்னால் வேகமாக நடந்தான். பார்த்ததை எல்லாம் சிறுத்தை என்றான். பாறை மேல் ஈச்சங்கொட்டைக் குவியல் கிடந்தது, சிறுத்தை என்றான். ஈச்சம்பழம் தின்கிற சிறுத்தையை நீதான் பார்த்திருக்கிறாய் என்றேன். புற்றின் மேல் நரி போட்டது கிடந்தது. குச்சியால் பிரித்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் மெல்லிய மயிர், முயல் மயிர். கூடவே நீலமாக வலை மாதிரி ஒரு துணுக்கு. கேன்டீனில் சமைக்கிறவர்கள் தலையில் மாட்டுகிற தொப்பி. நரியும் இப்போது கேன்டீன் குப்பையில்தான் கை வைக்கிறது. ஆட்டு மயிர் எதிலும் இல்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மிருகம் தின்னவில்லை என்றால் மனிதன். மனிதன் என்றால் யார்?

முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எதற்கு இவன் இவ்வளவு அவசரமாக என்னை மேற்குப் பக்கம் இழுக்கிறான்? அவன் சட்டென்று நின்று திரும்பினான்.

“மாமா, கேக்கறேன்னு தப்பா நெனைக்காத. நீயே கறிக்கடைக்காரன் கைல புடிச்சுக் குடுத்துட்டு, அக்காவாண்ட காணோம்னு சொல்லிகினு சுத்தறியா?”

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் அவனைச் சந்தேகப்பட்ட நேரம் முழுக்க அவன் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறான். அதற்காகத்தான் கூப்பிடாமலே வந்திருக்கிறான். அவன் அக்கா அனுப்பியிருந்தாலும் அனுப்பியிருப்பாள் என்று உடனே எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது.

“உன் ஊட்டு விருந்துக்கு அண்டா வாடகைக்குச் சொல்லியாச்சா?” என்று நான் கேட்டேன்.

“அதுக்கு இன்னா இப்போ?”

“ஒன்னுமில்ல. கேட்டேன்.”

அவனுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். முன்னால் போக இரண்டு பேரும் விடவில்லை.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஒரு கருவேல மரத்தடியில், கைப்பிடி அளவு ஒரு கட்டி. ஈரமாக, பச்சையும் மஞ்சளுமாக, புளித்த நாற்றத்தோடு. அவன் காட்டுப்பன்றி என்றான். பன்றி மாதிரிதான் இருந்தது, ஆனால் சின்னது. குச்சியால் பிரித்தேன். உள்ளே சீமைக் கருவேலங்கொட்டை. அதோடு கருப்பாகப் பொடிப்பொடியாக என்னவோ. விரலில் எடுத்துத் தேய்த்தேன். உருண்டது, நசுங்கவில்லை. கடுகு.

தாளித்த கடுகு எந்தக் காட்டில் முளைக்கிறது? நரிதான் குப்பையில் தின்றிருக்கும் என்றான் மச்சான். நரி கருவேலங்காயைப் போய் மெல்லாது. நாயும் மெல்லாது. கட்டியின் ஓரத்தைப் பார்த்தேன். அங்கே நாலைந்து உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இன்னும் முழுசாகக் கரையாமல் தெரிந்தன.

ஆடுதான். சோறு தின்ற ஆடு. இந்த மாதிரிக் கழிச்சலை நான் முன்னே பார்த்திருக்கிறேன். வல்லத்தில் ஒரு கல்யாணத்தில் எச்சில் இலையோடு சோற்றைக் கொட்டிவிட்டார்கள். எங்கள் கிடா ஒன்று போய் வயிறு முட்டத் தின்றது. புழுக்கை போடுகிற ஆடு மாட்டுச்சாணி மாதிரி போட்டது. மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தது, எழுந்திருக்கவில்லை. ஆட்டு வயிற்றுக்குத் தழை வேண்டும். சோறு உள்ளே போய்ப் புளித்துவிடும். ஆக, எங்கள் செவலை உயிரோடு இருக்கிறது. ஆனால் யாரோ அதற்கு அள்ளி அள்ளிச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வயிற்றில் குட்டியோடு இன்னும் எத்தனை நேரம் தாங்கும் என்று தெரியவில்லை.

இரண்டு பேரும் ஓடினோம் என்று சொல்ல முடியாது. எங்கள் வயதுக்கு ஓடினோம். அடுத்த கட்டி பாறைக்குப் பக்கத்தில். அதற்கடுத்தது வேலி ஓரத்தில். அங்கிருந்து பார்த்தால் நேராகப் பையன்கள் தங்குகிற கட்டடத்தின் பின்பக்கம்.

அங்கே ஒரு தகரக் கொட்டகை. அதன் கீழே செவலை கட்டியிருந்தது. இடது விலா பானை மாதிரி உப்பி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்துக் கத்தக்கூட இல்லை. கழுத்து மணிக்குள் கம்பெனிக் கையுறை ஒன்றைத் திணித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் மூன்று செங்கல் வைத்த அடுப்பு, அதன் மேல் புது அண்டா. மச்சான் அண்டாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். முதல் தடவையாக அன்றைக்கு இரண்டு பேருக்கும் ஒரே சந்தேகம்.

சத்தம் கேட்டு ஒரு பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். பேச்சிலேயே திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்தது. யார் கட்டினது என்று கேட்டேன்.

“நாங்கதான் தாத்தா. அதுவா வந்துச்சு, வெரட்டுனாலும் போவ மாட்டேங்கு. சோத்துத் தட்டப் பாத்தா பின்னாடியே வருது. பாவம்னு கேன்டீன்ல மிஞ்சின எலுமிச்சஞ்சாதத்தக் கொண்டாந்து வச்சோம். தின்னுட்டுக் காட்டுக்குள்ள சுத்திட்டு மறுபடி வந்துச்சு, அதான் கட்டிப் போட்டோம்.”

“மணிய ஏன்டா அடைச்சீங்க?” என்றான் மச்சான். “சத்தம் கேட்டா ஆட்டுக்காரன் வந்துருவான்னா?”

“நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து பகல்லதான ஒறங்குதோம். மணி கெடந்து ஆடிக்கிட்டே இருந்தா எப்படி ஒறங்க?”

“அண்டா?”

“குளிக்க வெந்நீ போட.”

எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சண்டை போட அப்போது நேரம் இல்லை. மச்சானே ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டான். சினை ஆடு, என்ன கனம் கனக்கும். வழியில் எங்கேயும் இறக்கவில்லை. கொலைகாரனுங்க, கொலைகாரனுங்க என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

ஆப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். பிறகு கடலை எண்ணெய். மனைவி அதன் விலாவை நீவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்வதற்குள் ஏப்பம் விட்டது. மறுநாள் தழை கடித்தது. அதற்கடுத்து உதிரி உதிரியாகப் புழுக்கை போட்டபோது என் மனைவி குனிந்து அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டு விருந்தில் கோழிதான். அன்றைக்கே செவலை இரண்டு குட்டி ஈன்றது, இரண்டும் கிடா. மச்சான் வந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பேரனுக்கும் ஒரு நாள் புதுநன்மை வரும் என்றான். அவன் அக்கா விளக்குமாற்றைத் தேடினாள்.

அதற்குப் பிறகு நான் தினமும் செவலையின் புழுக்கையைப் பார்த்தேன். பையன்கள் மறுபடியும் கை வைத்தால் தெரிந்துவிடும் அல்லவா. கொஞ்ச நாள் ஒன்றும் இல்லை. ஒரு நாள் காலையில் உடைத்துப் பார்த்தால், உருண்டைக்குள் கடுகு. ஒன்று இரண்டுதான். ஆனால் கடுகு.

நேராகக் கட்டடத்துக்குப் போனேன். வழியெல்லாம் என்ன கேட்பது என்று பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். கொட்டகை காலியாக இருந்தது. அண்டா இல்லை. செங்கல் மூன்றும் கருகிக் கிடந்தன. மாடியில் ஒரு சட்டைகூட இல்லை. வாசலில் இருந்த காவலாளி, ஒப்பந்தம் முடிந்து எல்லோரும் போய் ரெண்டு வாரம் ஆகிறது என்றான். எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். பின்பக்கம் என் மனைவி செவலைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையில் எதையோ மறைத்தாள். ஆடு முந்தானைக்குள் தலையை விட்டது. மஞ்சளாகச் சோற்றுப் பருக்கை கீழே விழுந்தது.

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

“குட்டில இருந்தே குடுக்கறேன், நடுவுல கொஞ்ச நாள்தான் நிறுத்தினேன், இப்ப இன்னா புதுசா? ரெண்டு புடிதான். பால் ஊற வேணாமா?”

செவலையைப் பார்த்தேன். சோற்றுத் தட்டைப் பார்த்தால் பின்னாடியே வருகிறது என்று அந்தப் பையன் சொன்னது உண்மைதான். மணி ஆடினால் தூங்க முடியாது என்பதும் உண்மையாக இருக்கலாம். கையுறை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை.

அந்த அண்டா மட்டும் வெந்நீர் போடத்தானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.