கோட்டுப் போட்ட சாமி

குற்றாலத்தில் நிஜ அருவி கொட்டிக்கொண்டிருக்கும்போது, அருவி வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவன் எப்பேர்ப்பட்ட மடையனாக இருப்பான் என்று நீங்கள் யோசித்துச் சிரமப்பட வேண்டாம். அது நான்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு சாரல் காலம். தென்காசியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. வாரநாளில் பிள்ளைகளுக்குக் கணக்கு. சந்தை நாளில் சபைக் குருவானவருக்குப் பின்னால் போய் நின்று, கல்லையும் மரத்தையும் கும்பிடாதீர்கள் என்று ஊருக்கு உபதேசம். விஷயம் குருவானவருடையது, தொண்டை என்னுடையது. வாழைக்காய் விற்கிறவர்கள் கூட வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். நிறுத்தாமல் வேறு வழியும் கிடையாது, அவ்வளவு சத்தம்.

அந்த சீசனில் குற்றாலத்துக் கடைவரிசையில் ஒரு போட்டோக்காரர் கொட்டகை போட்டிருந்தார். உள்ளே திரைச்சீலையில் ஒரு அருவி, இரண்டு மான், ஒரு அன்னம். "அசல் அருவிகிட்டப் போனா மிஷின் நனஞ்சிரும் சார்" என்றார். கோட்டும் அவரே கொடுத்தார். அதற்குள் அந்த வருஷம் எத்தனை குமாஸ்தாக்கள் ஜமீன்தார் ஆனார்களோ தெரியாது. கறுப்புத் துணிக்குள் அவர் தலையை நுழைத்த சமயம் பார்த்து என் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. "கொஞ்சம் பொறும்" என்று வலது கையைத் தூக்கினேன். அவர் பொறுக்கவில்லை.

படம் வந்தது. பார்த்தால், தூக்கிய கை ஆசீர்வதிக்கிற கை மாதிரி இருக்கிறது. தலைக்கு நேர் பின்னால் திரை அருவி வெள்ளை வெளேரென்று ஒளி வட்டம் கட்டியிருக்கிறது. என் அம்மைத் தழும்புகளையெல்லாம் போட்டோக்காரர் தூரிகையால் துடைத்துவிட்டிருந்தார். எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். சட்டம் போட்டு, வாசலுக்கு நேராக முன்னறைச் சுவரில் மாட்டினேன்.

என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்காரு. யாரு?" என்றாள்.

எங்களுக்குப் பால் ஊற்றிய அம்மாள் நாற்பது வயதுக்காரி. புருஷன் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெண்பிள்ளைகள், ஒரே ஒரு எருமை. அந்த எருமையின் மடி வற்றினால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. படம் மாட்டிய மறுநாள் விடியற்காலை நான் உள்ளேயிருந்து பார்க்கிறேன், அவள் பால் செம்பை வைத்துவிட்டு வாசற்படியில் நின்று கைகூப்புகிறாள். எனக்குத்தான் வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்து நானும் கும்பிட்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. என் தலைக்கு மேலே பார்த்தாள்.

அவள் போனதும் என் மனைவி வந்து விவரம் சொன்னாள். "அது வேதக்காரங்க சாமியான்னு கேட்டா. நான் பதில் சொல்லுததுக்குள்ள அவளே சொல்லிக்கிட்டா. வெள்ளக்காரன் கொண்டாந்த சாமி, கோட்டு போடத்தானே செய்யும்னு."

சந்தையில் விக்கிரகத்தைத் திட்டுகிறவன் வீட்டுச் சுவரில் விக்கிரகம். அதுவும் யார்? குருவானவர் காதில் விழுந்தால் என்ன ஆகும்? சபையைவிட்டு விலக்குவார்களா, பள்ளிக்கூடத்தைவிட்டு விலக்குவார்களா, எது முதலில் என்று வேர்வை துடைத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். மறுநாள் அவள் வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் அவள் வந்தாள். "சார்வாள், ஒங்க சாமிக்கு நல்ல களை. நேத்து கும்பிட்டுட்டுப் போனேன், சாயங்காலம் அரைப்படி கூடக் கறந்திச்சு" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் "அப்படியா, சந்தோஷம்" என்று வந்தது.

அதற்குப் பிறகு நாள்தோறும் ஒரு காரணம் கிடைத்தது. இன்றைக்கு அவசரமாகப் போகிறாள், நாளைக்குச் சொல்லலாம். இன்றைக்கு மழை. இன்றைக்கு அவள் முகம் வாடியிருக்கிறது, பாவம், மனசு புண்படும். பன்னிரண்டு நாள் இப்படியே போயிற்று. ஒருநாள் என் மனைவி பொறுக்கமாட்டாமல் கேட்டாள், "ஏங்க, அவகிட்டச் சொன்னீங்களா இல்லியா?"

"பாமர ஜனம். பக்குவமாச் சொல்லணும்" என்றேன்.

"அவ ஒரு நாளைக்கு ஒரு தடவதான் கும்பிடுதா. நீங்க தலை சீவுத சாக்குல எத்தன தடவ அங்கன போயி நிக்கீங்க?"

எண்ணிப் பார்த்தேன். எண்ணியதை அவளிடம் சொல்லவில்லை.

பதின்மூன்றாம் நாள் காலை பால்காரம்மாள் செம்பில்லாமல் வந்தாள். கண் சிவந்திருந்தது. "சார்வாள், எரும ராத்திரியிலேருந்து அசை போடல. எடது பக்கம் மத்தளம் மாதிரி உப்பிக் கெடக்கு. சாமிக்கு முன்னால வச்ச தண்ணி கொஞ்சம் தாங்க."

"தண்ணியா? மேலகரத்துல மாட்டு வைத்தியர் இருக்காரே, அவரைக் கூப்பிடலையா?"

"கூப்பிடலாமா? நான் இங்க நேந்துக்கிட்டேன்லா. இனிம வைத்தியர்கிட்ட ஓடுனா, ஒனக்கு நம்பிக்கையில்லையான்னு சாமி கோவிச்சுக்கிடாதா?"

மேலே சுவரில் சாமி கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. கீழே சாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதுவரை நான் பயந்ததெல்லாம் குருவானவருக்கு. இப்போது பார்த்தால், ஈ விரட்டத் தூக்கிய கையை நம்பி ஒரு எருமை செத்துக்கொண்டிருக்கிறது, அதன் பின்னால் மூன்று வயிறு.

"யம்மா, அது சாமியில்ல. அது நான்" என்றேன்.

அவள் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். "போங்க சார்வாள், வெளையாடுத நேரமா இது? அவருக்குக் கழுத்து இருக்கு."

"சத்தியமா நான்தான்!"

"அவருக்கு மூஞ்சி பளிங்கு மாதிரில்லா இருக்கு."

என் மனைவி உள்ளே போய் வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்துவந்து, என் தலைக்குப் பின்னால் விரித்துப் பிடித்தாள். "ம், கையத் தூக்குங்க" என்றாள். தூக்கினேன். "இன்னும் கொஞ்சம். கழுத்த நீட்டுங்க." இல்லாத கழுத்தை நீட்டினேன். படத்துக்குக் கீழே அதே மாதிரி, பனியனும் நாலு முழ வேட்டியுமாக, ஆசீர்வதித்துக்கொண்டு நின்றேன். வாழ்நாளில் நான் செய்த பிரசங்கங்களில் ஒரு ஆளாவது முழுதாக நம்பியது அதை மட்டும்தான்.

பால்காரம்மாள் சிரிக்கவில்லை. "எத்தன நாளாத் தெரியும், நான் கும்பிடுதேன்னு?"

"பன்னெண்டு நாளா."

"பன்னெண்டு நாளும் பாத்துக்கிட்டா இருந்தீய?" என்றாள். அவ்வளவுதான். திரும்பி எருமையிடம் ஓடினாள்.

நான் மேலகரத்துக்கு ஓடினேன். சாரல் முகத்தில் அடிக்கிறது, செருப்பு ஒன்று சேற்றோடு போய்விட்டது. எதிரே வந்த என் வகுப்புப் பையன்கள் ஒதுங்கி நின்று வணக்கம் சொன்னார்கள், அதற்கும் கையைத் தூக்கப் பயமாக இருந்தது. வழியெல்லாம் ஜெபித்தேன். எருமையைக் காப்பாற்றும் ஆண்டவரே, எருமையைக் காப்பாற்றும். அதற்கு முன்பு எந்த ஜெபத்திலும் நான் என்னை ஒரு தடவையாவது நுழைக்காமல் இருந்ததில்லை.

வைத்தியர் அலட்டிக்கொள்ளாத ஆள். காலை இட்லியை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். வந்து விலாவைத் தட்டிப் பார்த்தார். நல்லெண்ணெயில் பெருங்காயத்தையும் சுக்கையும் கலந்து மூங்கில் குழாயால் புகட்டினார். வேப்பங்குச்சி ஒன்றை வாயில் குறுக்கே கட்டினார். வயிற்றை அமுக்கித் தேய்த்தார், என்னையும் தேய்க்கச் சொன்னார். ஒரு மணி நேரம் தேய்த்தேன். கடைசியில் எருமை ஒரு ஏப்பம் விட்டது பாருங்கள், எங்கள் சபைக் கோயில் ஆர்மோனியத்தின் அடிக்கட்டைகூட அப்படிப் பேசியதில்லை.

பால்காரம்மாள் அழுதுகொண்டே வைத்தியரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "தெய்வம் மாதிரி வந்தீய அண்ணாச்சி. ஒங்க கைராசியே ராசி" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் ஈர வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தேன்.

"சார்வாள், நாளைக்கும் நாளக் கழிச்சும் பால் இருக்காது" என்றாள்.

திரும்பி வருகிற வழியில் அந்த வைத்தியர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என்ன பெரிய கைராசி? இட்லி தின்றுவிட்டு ஆடி அசைந்து வந்த மனுஷன். ஓடினது யார்? செருப்பைத் தொலைத்தது யார்? ஒரு மணி நேரம் எருமை வயிற்றைத் தேய்த்தது யார்? அந்தக் கும்பிடில் பாதியாவது எனக்குச் சேர வேண்டியது இல்லையா? இவ்வளவையும் நினைத்து முடித்த பிறகுதான் என்ன நினைக்கிறேன் என்று தெரிந்தது. நடுத்தெருவில் நின்றுவிட்டேன். குருவானவருக்குப் பயந்ததும் எருமைக்காகப் பயந்ததும் ஒன்றுமில்லை, அப்போது எனக்கு வந்த பயம்தான் பயம். இத்தனைக்கும் சுவர் அங்கே இல்லை, படம் இல்லை, ஆணிகூட இல்லை.

வீட்டுக்கு வந்து வேட்டிகூட மாற்றாமல் ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றினேன். அரிசிப் பானைக்குப் பின்னால் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

"கழத்தியாச்சா? எரும எப்படி இருக்கு?" என்றாள் என் மனைவி.

"பொழச்சிக்கிட்டு. வைத்தியர் வந்து பாத்தாரு."

"நல்ல கைராசிக்காரராம்லா."

"ஆமா, பெரிய கைராசி" என்றேன்.

அவள் என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். "போயி முழங்கால்ல நில்லுங்க. காப்பி அப்புறம் தாரேன்" என்றாள்.

போய் நின்றேன். அந்த மனுஷனுடைய கைராசி மேலும் மேலும் பெருக வேண்டும் என்று ஜெபித்தேன். முதல் தடவை வாய் மட்டும்தான் சொல்லிற்று. இரண்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். ஐந்தாவது தடவையில் நெஞ்சில் பாதி வந்து சேர்ந்துகொண்டது. மீதிப் பாதிக்காக எழுந்திருக்காமல் அங்கேயே நின்றேன். காப்பி ஆறிப்போயிற்று.