பத்து நாற்பத்திரண்டுக்கு அருவியைத் திறந்தது யார்?

அன்று காலை பத்து நாற்பத்திரண்டுக்கு என் மடிக்கணினியைத் தொட்டது யார்? இரண்டு வாரமாக யோசிக்கிறேன். நானா, என் ஒன்றரை வயது மகளா, இல்லை, யாருமே தொடவில்லையா?

குற்றாலத்தில் ஒரே முதலாளிக்கு ஐந்து லாட்ஜுகள். ஐந்தின் வரவேற்பறைக் கணினிகளையும் குத்துக்கல்வலசையில் என் வீட்டிலிருந்தே கவனித்துக்கொள்வது என் வேலை. அவற்றில் எல்லோரும் பார்ப்பது 'அருவி நிலவரம்' என்ற கோப்பைத்தான். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று வரிசை. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'அனுமதி' அல்லது 'தடை'. ஒரு தட்டில் ஒன்று மற்றொன்றாகும். ஓரிடத்தில் மாற்றினால் ஐந்து லாட்ஜிலும், என் மடிக்கணினியிலும் மாறிவிடும். விருந்தினர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் எண்ணெய் தேய்க்கவே உட்காருவார்கள்.

சீசன் தொடங்கிய வாரம், மூன்றாவது லாட்ஜின் வரவேற்பறை அண்ணாச்சி அந்தக் கோப்பின் ஓரத்தில், "தண்ணி பிரமாதமா விழுது, வாங்க வாங்க" என்று தட்டிவைத்தார். அவருக்கு அது உபசாரம். எனக்குப் படபடப்பு. நாளைக்கு 'தடை'யையும் மாற்றிவிட்டால்? வெள்ளத்தில் யாராவது இறங்கிவிட்டால்? கோப்பில் கை வைக்க வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். அதோடு விடாமல், எந்தக் கணினியில், எத்தனை மணிக்கு, எந்தச் சொல் மாறியது என்று குறித்துவைக்கும் ஒரு நிரலை எல்லாவற்றிலும் நிறுவினேன். நியாயமாக இருக்கட்டுமே என்று என் மடிக்கணினியிலும்.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. மெயின் அருவியில் யாரும் இறங்காதபடி கயிறு கட்டிவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஒன்பது மணிக்கே கைபேசியிலிருந்து 'தடை' போட்டேன். பிறகு மகளுக்குக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சப் போனேன். பதினொன்றரைக்கு அண்ணாச்சி அழைத்தார்.

"எம்மா, எட்டு பேரு உடம்பெல்லாம் எண்ணெயோட சோபாவுல உக்காந்திருக்காவ. அருவியில உள்ள விடலையாம். ஒருத்தரு வழுக்கி வழுக்கிக் கீழ வாராரு."

"தடைன்னு போட்டிருந்தேனே அண்ணாச்சி!"

"இங்கன அனுமதின்னுல்லா காட்டுது."

பின்னாலிருந்து ஒரு விருந்தினர் குரல்: "அருவிதான் இல்ல, ஒரு வாளி வெந்நீராவது உண்டா?"

பதற்றத்தில் அந்த நிரலின் பதிவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முதலாளியும் ஐந்து லாட்ஜ்காரர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், "அண்ணாச்சி, கோப்பில் கை வைக்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது?" என்று எழுதிவிட்டேன். அவர் குரல் செய்தி அனுப்பினார்: "மவுச தொடவே இல்லம்மா. நீ சொன்ன நாள்லேருந்து அதுக்கு மேல துண்டப் போட்டு மூடில்லா வச்சிருக்கேன்."

அதன் பிறகுதான் பதிவைப் பார்த்தேன். 10:42. 'தடை' போய் 'அனுமதி' வந்திருந்தது. மாற்றிய கணினி, என்னுடையது.

மடிக்கணினி கட்டிலில் திறந்தே கிடந்தது. பக்கத்தில் மகள். விசைகளில் கூழ் ஒட்டியிருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அவற்றில் கூழ் இல்லாத நாள் ஏது? அல்லது முந்தின நாள் 'அனுமதி'யை வைத்துக்கொண்டு தூங்கிய கணினி, விழித்ததும் அந்தப் பழைய பிரதியையே எல்லோருக்கும் அனுப்பியிருக்கலாம். இல்லை, கூழ்க் கரண்டியோடு நானே எதையாவது தட்டினேனா? பதிவில் கணினி தெரியும், விரல் தெரியாது.

என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏட்டி, அண்ணாச்சிக்கு வச்ச பொறியில நீயே மாட்டிக்கிட்டியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் முதலாளி, அண்ணாச்சி இனிக் கணினிப் பக்கம் போக வேண்டாம், சாவிகளை மட்டும் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். போன வாரம் அந்த லாட்ஜுக்குப் போனேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சாவிப் பலகைக்கு முன்னால் நின்றவர், "பாப்பா சாப்பிட்டாளாம்மா?" என்று கேட்டார். "சாப்பிட்டா அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். சோபாவில் எட்டுப் பேரின் எண்ணெய்த் தடம் அப்படியே இருந்தது.

பதிவில் இருந்ததை முதலாளிக்கு ஓர் அறிக்கையாக எழுதி, அச்செடுத்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். 'காரணம்' என்ற கட்டம் இன்னும் காலி. விரல் யாருடையது என்று தெரிந்த பிறகு கொடுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். யாருடையதானாலும் அண்ணாச்சியுடையது இல்லை என்பது அன்றைக்கே தெரியும்.

நாளை அறிக்கையை முதலாளியிடம் கொடுத்துவிடுவேன். அண்ணாச்சி விஷயத்தில்தான் குழப்பம். பழியை எல்லோர் முன்னாலும் போட்டேன். மன்னிப்பையும் அதே குழுவில் கேட்டால் அவருக்குக் கூச்சமாகிவிடுமோ? தனியாகப் போய்க் கேட்டால் நான் தப்பித்துக்கொள்வதாகிவிடுமோ? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? எனக்குச் சொல்லுங்கள்.