தம்பி தலையில் அவள் தகடு

என் மனைவி யாரைப் பார்த்தாலும் முதலில் பார்ப்பது தலையைத்தான். முகமெல்லாம் அப்புறம். எங்களுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் என் காதுக்கு மேலேயே உற்று உற்றுப் பார்ப்பாள். நானும் என் அழகில் மயங்கிவிட்டாள் என்று பூரித்துப் போயிருந்தேன். ஒருநாள், "உங்களுக்கு இந்த இடத்துல எலும்பு நல்ல தடிமன்" என்றாள். என் மண்டைக்கனத்தைப் பாராட்டிச் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

அவள் வேலை அப்படி. மூளையில் அறுவைச் சிகிச்சை செய்ய மண்டை எலும்பை ஒரு மூடி போல அறுத்து எடுப்பார்கள். உள்ளே வேலை முடிந்ததும் அதைத் திரும்ப வைத்து மூட வேண்டும். அந்த மூடி நகராமல் பிடித்துக்கொள்கிற டைட்டானியம் தகடுகளை வடிவமைப்பவள் என் மனைவி. தகடு நகத்தின் கனம்கூட இருக்காது. திருகாணி எள்ளை விடக் கொஞ்சம் பெரிசு, தும்மினால் பறந்துவிடும். அலுவலகத்தில் அவள் மேசைமேல், மூடி அறுத்து வைத்த ஒரு பிளாஸ்டிக் மண்டை ஓடு உண்டு. கண்ணாடியைக் கழற்றினால் அதன் மூக்கில்தான் மாட்டி வைப்பாள். பக்கத்து அறையில் ஒரு இயந்திரம் அவள் தகடுகளை இழுத்தும் அமுக்கியும் நாள் முழுக்கச் சித்திரவதை செய்துகொண்டிருக்கும். ஒன்றுகூடத் தளர்ந்ததில்லை என்பதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

அவளுடைய ஒரே தம்பி கணக்கு வாத்தியார். ஊரறிந்த வாயாடி. வகுப்பில் பேசியது போதாதென்று எங்கள் வீட்டுக்கு வந்தும் பேசுவான். நான் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாலும் தாளுக்கு அந்தப் பக்கமிருந்து பேசுவான். அவனுக்கு நெற்றிப் பொட்டுக்கு உள்ளே ஒரு கட்டி, கோலிக்குண்டு அளவு. ஆபத்தில்லாத கட்டிதான், எடுத்துவிட்டால் போதும் என்றார்கள். அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் என் மனைவி ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தாள்.

"டாக்டர், என் தம்பிக்கு நான் செஞ்ச தகடுதான் போடணும்."

போட்டார்கள். கட்டியும் போனது, காயமும் ஆறியது. ஆனால் வீட்டுக்கு வந்து ரொட்டியைக் கடித்தவன் அப்படியே நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான்.

"அக்கா, உள்ள என்னமோ டிக்குனு கேக்குது."

பேசினால் கேட்கிறது. மென்றால் கேட்கிறது. கொட்டாவி விட்டால்கூடக் கேட்கிறது. மருத்துவரிடம் போனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் கச்சிதமாக இருக்கிறது, மனப்பிரமை, போகப் போகச் சரியாகிவிடும் என்று தோளைத் தட்டி அனுப்பினார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் மண்டையில் ஒன்று தட்டி என்ன கேட்கிறது என்று விசாரித்திருப்பேன். வாத்தியார் நம்பிக்கையோடு அக்காவைத்தான் பார்த்தான்.

"என் தகடு அசையாதுடா. உனக்கு மனசுதான் சரியில்ல" என்றாள் அவளும்.

அன்றிலிருந்து அவன் பேச்சைக் குறைத்தான். முதலில் அரட்டையை விட்டான். அப்புறம் கேட்டதற்குப் பதில் மட்டும். பிறகு தலையசைப்பு. பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுப்பு எடுத்தான். கஞ்சியாகக் குடித்தான், மெல்ல வேண்டாமே. எங்கள் வீட்டுக்கு வந்தால் எதிர் நாற்காலியில் வாயைக் கட்டிப் போட்டதுபோல் உட்கார்ந்திருப்பான். நான் வேண்டுமென்றே செய்தித்தாளை விரித்துப் பார்த்தேன். தாளுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். எதிர்ப்படுகிறவர் தலையையெல்லாம் உற்றுப் பார்க்கிறவள், தம்பி தலையை மட்டும் தொடவே இல்லை. அந்தப் பக்கமே பார்க்க மாட்டாள். கேட்டால், "காயம் புதுசுங்க" என்பாள்.

ஒருநாள் மதியம் அவனுக்குக் குழையக் குழையச் சோறு பிசைந்து வைத்தாள். அவன் ஒரு வாய் எடுத்தான். இடது கை தானாக எழுந்து காதுக்கு மேலே, தழும்பின் பின்கோடியை அழுத்திப் பிடித்துக்கொண்டது. பிறகுதான் மென்றான்.

"ஏன்டா அங்க அமுக்குற?"

"இங்க அமுக்கினா நிக்குதுக்கா."

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். எழுந்து போய் முதல்முறையாக அவன் தலைமேல் விரல்களை வைத்தாள்.

"மெல்லு."

அவன் மென்றான். அவள் கையை எடுக்கவே இல்லை. "அசையுதுங்க" என்று என்னிடம் சொன்னாள்.

மறுநாளே தன் பிளாஸ்டிக் மண்டை ஓட்டைப் பையில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"இந்த மூடியை நீங்க எப்படி வைப்பீங்கன்னு காட்டுங்க டாக்டர்."

எலும்பை அறுக்கிற ரம்பம் தன் பங்குக்குக் கொஞ்சம் எலும்பைத் தின்றுவிடும். அதனால் மூடி எப்போதும் ஓட்டையை விடச் சற்றுச் சின்னது. என் மனைவியின் கணினித் திரையில் அது நட்ட நடுவில் உட்காரும், சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி. மருத்துவரோ மூடியை வைத்த கையோடு கட்டைவிரலால் நெற்றிப் பக்கம் தள்ளினார். யோசிக்கக்கூட இல்லை.

"ஏன் தள்றீங்க?"

"நெத்தியில பள்ளம் தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்ல மேடம்? பின்னாடி முடி மறைச்சிடும். எல்லாரும் இப்படித்தான் வைப்போம்."

முன்னால் இடைவெளியே இல்லை. பின்னால் இரண்டு மடங்கு. பின்பக்கத் தகட்டின் திருகாணி எலும்பின் விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றது. தாடையை அசைக்கும் தசை அந்த மூடியில்தான் ஒட்டியிருக்கிறது. இழுக்க இழுக்க விளிம்பு பொடிந்துவிட்டது. அறுவை அரங்கில் எல்லாருக்கும் தெரிந்த பழக்கத்தை இவளிடம் யாரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. ஸ்கேனில் எப்படித் தெரியும்? அசையாமல் படு, வாயை மூடு என்று சொல்லி எடுத்த படமாயிற்றே.

வாத்தியார் தலையை மறுபடியும் திறக்க வேண்டியிருந்தது. பின்பக்கத்துக்கென்று நீளமான தகடு செய்து கொடுத்தாள். அரங்குக்குள் கூட்டிப் போகும் முன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னை நம்பாமப் போயிட்டேன்டா" என்று அழுதாள். இப்போது அவன் பேசுகிறான். அதே வாய்தான். முந்தாநாள் என் செய்தித்தாளையே பிடுங்கிவிட்டுப் பேசினான், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவனுக்குச் சத்தம் நின்ற பிறகுதான் இவளுக்கு ஆரம்பித்தது. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் நிமிர்ந்து கேட்பாள். "டிக்குனு ஏதோ கேக்கலையாங்க?" எனக்கு எதுவும் கேட்காது. பழைய தகடு எத்தனை தலைகளில் இருக்கிறது! அவள் கம்பெனி எல்லா மருத்துவமனைக்கும் தகவல் அனுப்பிவிட்டது. குறை சொன்னவர்களைக் கூப்பிட்டுப் பார்ப்பதாக அவர்களும் சொன்னார்கள். "என் தம்பியே சொல்றதை நிறுத்திட்டானேங்க. நிறுத்தினவங்களை யாரு கூப்பிடுவா?" என்றாள்.

அதனால் லீவு போட்டுவிட்டு, அந்த மருத்துவரின் அனுமதியோடு, அவர் அறைக்கு வெளியே காத்திருப்பவர்களோடு போய் உட்கார்ந்துவிடுகிறாள். பிளாஸ்டிக் நாற்காலி வரிசை, சுவரில் ஓடும் மின்விசிறி, கையில் ஸ்கேன் உறைகள். தழும்பு தெரிகிற ஒவ்வொருவரிடமும் மெதுவாகக் கேட்பாள். பெரும்பாலும் இல்லை என்பார்கள். சிலர் இவளுக்குத்தான் ஏதோ கோளாறு என்று தள்ளி உட்காருவார்கள். எனக்கு மானம் போகும். இருந்தாலும் கூடவே இருப்பேன்.

இன்று பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா, தலையில் துணி கட்டி, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடும்போது உள்ள சத்தம் ஏதாவது கேக்குதாம்மா?"

பதில் சொன்னது அவர் கணவர். "அதெல்லாம் மனப்பிரமைங்க. டாக்டரே சொல்லிட்டார். இவளும் இப்பல்லாம் அதைப் பத்திப் பேசுறதே இல்ல."

அந்த அம்மா தலையைத் தூக்கினார். வாயைத் திறக்கும் முன் அவர் கை மெல்ல எழுந்து, காதுக்கு மேலே பின்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டது.

"உங்களுக்கும் கேக்குதா?" என்றார்.

என் மனைவி அவருடைய மற்றொரு கையைப் பற்றிக்கொண்டாள்.

"கேக்குதும்மா" என்றாள்.