சைஃபின் நெற்றிச் சுழி

ஜுவைரியாவுக்கு ஆடு என்றால் பிரியாணியில்தான் பிடிக்கும். விதியைப் பாருங்கள், அவளுக்கு வாய்த்த வேலை ஆட்டுக்கு முடி வைப்பது. மும்பை செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் அனிமேஷன் ஸ்டூடியோ இருக்கிறது. கம்ப்யூட்டரில் செய்த மிருகங்களுக்கு ரோமம் முளைக்க வைத்துச் சீவிவிடுவது அவள் வேலை. அவள் சீவிய ஆட்டின்மேல் வெயில் விழ வைப்பது என் வேலை. என் பெயர் பிரேமலதா. பக்கத்துச் சுனாபட்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

அவள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. ஓர் ஆட்டுக்கு லட்சக்கணக்கில் முடி. அத்தனையையும் கையால் சீவ ஒரு ஜென்மம் போதாது. அதனால் தோல்மேல் அங்கங்கே சில முடிகளை மட்டும் நட்டு, வளைத்து, படிய வைப்பார்கள். அவற்றுக்குக் கைடு என்று பெயர். மற்ற முடியெல்லாம் பக்கத்திலிருக்கும் கைடைப் பார்த்து அது போகிற போக்கில் போகும். எவ்வளவு தூரம் கைடின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் முடிந்த படத்தில் கைடு தெரியாது. பின்னால் போன முடிதான் தெரியும்.

ஜுவைரியாவின் தம்பி சைஃபும் இதே வேலைதான் செய்தான். அவள்தான் கூட்டிவந்து சேர்த்துவிட்டாள். அவனுக்கு இரட்டைச் சுழி. உச்சியில் ஒன்று, நெற்றிக்கு மேலே ஓரமாக ஒன்று. நெற்றிச் சுழியில் முடி படியவே படியாது, கொம்பு முளைத்த மாதிரி எழுந்து நிற்கும். "ரெட்டைச் சுழிக்கு ரெண்டு பொண்டாட்டிலே, ஒருத்திய இப்பவே பாத்து வை" என்று நான் கிண்டல் செய்வேன். அந்த வெட்கத்திலேயே வெளியில் எங்கும் தொப்பியைக் கழற்ற மாட்டான். தன் மானிட்டரின் ஓரத்தில் சின்ன வட்டக் கண்ணாடி ஒன்றை ஒட்டிவைத்து, யாரும் பார்க்காத நேரத்தில் முடியைத் தடவிக்கொண்டிருப்பான். போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் டெங்கு வந்து இறந்துபோனான். ஒருத்தியைக்கூடக் கட்டவில்லை.

அவர்கள் வீடு தாராவியில். மய்யித்து எடுத்து அடக்கிய வாரத்தில் யாரோ உறவுக்காரர், இறந்தவர் படத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே பிள்ளைக்கு வேதனை என்று சொல்லியிருக்கிறார். அவர்களுடைய உம்மா மெஹராஜ் மாமி அழுதுகொண்டே வீட்டில் எல்லோருடைய போனையும் வாங்கி, இருந்த படத்தையெல்லாம் அழிக்கச் சொல்லிவிட்டார். ஆதார் கார்டில் ஒன்று மிச்சம். அதைப் பிடிக்கப் போன அன்று மாமியே எண்ணெய் வைத்து அழுத்திச் சீவி அனுப்பியது, சுழி இருந்த தடமே இல்லை. என் போனில் இருந்த ஆபீஸ் படங்களில் தொப்பி.

இந்த வருஷம் மாமி ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டார். வேலை முடிந்து வரும் மகளிடம் தினமும் அதையே கேட்பார்.

"ஏளா, அவனுக்கு நெத்திச் சுழி எந்தப் பக்கம்?"

ஜுவைரியா ஒரு நாள் வலது என்பாள், ஒரு நாள் இடது என்பாள். அவளுக்கும் தெரியவில்லை. பெற்றவளுக்கே பிள்ளை முகம் மங்கிக்கொண்டு வருகிறது என்பது அந்த வீட்டில் இருந்த ஒரே பயம். இன்றைக்குச் சுழி போனால் நாளைக்கு மூக்கு போகும், அப்புறம் சிரிப்பு போகும் என்று என்னிடம் சொல்லி ஜுவைரியா அழுதிருக்கிறாள். எனக்கும் ஞாபகம் இல்லை. அதற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அப்போதுதான் குழந்தைகள் தொடர் ஒன்றுக்கு ஆடு கேட்டு வந்தார்கள். எங்கள் சூப்பர்வைசர் மகேஷ்குமார் சைஃப் செய்த பழைய ஆட்டையே எடுத்து ஜுவைரியாவிடம் கொடுத்தார். அவள் உட்காருவதும் சைஃபின் நாற்காலியில்தான். கண்ணாடிகூட ஒட்டினபடி அப்படியே இருந்தது.

"முடி ஃபுல்லா சப்பையா படியணும், க்ளையன்ட் சொல்லிட்டான். நெத்தியில ஏதோ தூக்கிண்டு நிக்கறது பார், அதை எடுத்துடு. திங்கள்கிழமை டெலிவரி" என்றார்.

அவள் பழைய கைடுகளை எடுத்துவிட்டுப் புதிதாக நட்டாள். நேராகச் சீவினாள். உடம்பெல்லாம் பட்டுப் போலப் படிந்தது, நெற்றியில் மட்டும் முடி சுழன்று எழுந்தது. கைடின் பேச்சை முழுக்கக் கேட்கும்படி கூட்டினாள். எழுந்தது. ஒன்றுமே கேட்காதபடி குறைத்தாள். அப்போதும் எழுந்தது. மத்தியானம், வெளியே செம்பூர் நாக்கா சந்திப்பின் ஹாரன் சத்தம், ஏசி இரைச்சல், சுற்றிலும் ஆட்கள். இருந்தும் எனக்குப் பயம் வந்தது. எழச் சொல்லி ஒரு கைடும் இல்லாத இடத்தில் முடி யார் பின்னால் போகிறது?

"பிரேமா, அவன்தான்" என்றாள் ஜுவைரியா.

"பைத்தியம் மாதிரி பேசாத, சாஃப்ட்வேர் கோளாறு" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

மறுநாள்தான் கண்டுபிடித்தாள். சைஃப் நெற்றிக்கென்று குட்டையாக இன்னொரு கூட்டம் கைடு நட்டு, அதைத் தனியாக மறைத்துவைத்திருக்கிறான். மறைத்தாலும் அதன் இழுவை போகாது. யாரும் கேட்காத சுழி அது. தன் சுழியையே ஆட்டுக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பயம் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. செத்தவன் சீவிய சீவலுக்கு முடி இன்னும் கட்டுப்படுகிறது என்பது பேயைவிட மோசமாக இருந்தது.

ஜுவைரியாவுக்கோ சந்தோஷம். "ஆட்டுக்கு வலப்பக்கம் இருக்கு. உம்மாக்குப் பதில் கெடச்சிருச்சு" என்றாள்.

மகேஷ்குமாரிடம் கேட்டுவிட்டு ஆபீஸ் லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப்போனாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் போனேன். மாமி தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி லேப்டாப்பை முன்னால் வைத்தாள். நேராகப் பார்க்கும் ஆட்டு முகம், திரை நிறைய.

"ஆட்டுல போயி எம்புள்ளையவா காட்டுத?" என்றார் மாமி.

"பாருங்க உம்மா. இந்தச் சுழி அவன் வச்சது. அவனுக்கு வலப்பக்கம்தான்."

மாமி வெகுநேரம் பார்த்தார். பிறகு கையைச் சேலையில் துடைத்து, வலது உள்ளங்கையைத் திரைமேல் வைத்தார், எதிரில் நிற்கும் பிள்ளைக்கு முடியைப் படிய வைக்கிற மாதிரி. கை சுழி இருந்த பக்கம் போகவில்லை. அடுத்த பக்கம் போய்ச் சப்பையாக இருந்த இடத்தில் நின்றது. மறுபடி எடுத்து வைத்தார். மறுபடியும் அங்கேதான் போனது.

"இங்கனல்லா இருக்கணும்" என்றார். "எனக்குத் தெரியல. கை இங்கனதான் போவுது."

ஜுவைரியா என்னைப் பார்த்தாள். கிடைத்த பதிலும் கைவிட்டுப் போகிறதே என்றிருந்தது அந்தப் பார்வை. எனக்குத்தான் உறைத்தது, அந்த வட்டக் கண்ணாடி.

"ஏட்டி, அவன் கண்ணாடியப் பாத்துல்லா செஞ்சிருக்கான்" என்றேன். "கண்ணாடியில எந்தப் பக்கம் தெரிஞ்சுதோ, ஸ்க்ரீன்ல அந்தப் பக்கமே வச்சுட்டான். ஆட்டுக்குப் பக்கம் மாறிப்போச்சு. மாமி கை சரி. அவனுக்கு இடப்பக்கம்."

ஜுவைரியா அந்தக் கைடுகளை மட்டும் பக்கம் மாற்றினாள். கொஞ்ச நேரம் திரை யோசித்தது. பிறகு இந்தப் பக்கம் முடி படிந்து, அந்தப் பக்கம் சுழன்று எழுந்தது. மாமி கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை வைத்தார். கை நேராகச் சுழிமேல் போய் உட்கார்ந்தது. அழுத்தினார். வாய் ஏதோ ஓதியது. கையை எடுத்தபோது முடி எழுந்தபடியே நின்றது.

"இன்னைக்கும் படிய மாட்டக்கான் பாரு" என்றார் மாமி.

நான் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அழுதேன்.

திரும்பி வந்தபோது ஜுவைரியா கேட்டுக்கொண்டிருந்தாள். "நாளைக்கு இத அழிக்கணும்மா. ஒரு காப்பி நாம வச்சுக்கிடட்டா? மகேஷ் சார்ட்ட கேட்டா விடுவாரு."

"வேண்டாம்ளா. ஆட்டு மூஞ்சியிலயா எம்புள்ளையப் பாத்துட்டு கெடப்பேன்? கைக்குத் தெரியுது, போதும். அழிச்சுரு." வெங்காயத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

திங்கள்கிழமை காலை ஜுவைரியா அந்தக் கைடுகளைத் தேர்ந்தெடுத்தாள். விரல் அழிக்கும் பட்டனுக்குப் போய் நின்றது. மகேஷ்குமார் எட்டிப் பார்த்து, "ஆச்சா?" என்றார். "ரெண்டே நிமிஷம்" என்றாள்.

பிறகு உம்மா காட்டின இடத்தில் தன் உள்ளங்கையைத் திரைமேல் வைத்து அழுத்தினாள். எடுத்தாள், மறுபடி வைத்தாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். நான் முறைத்தேன், திரும்பிக்கொண்டார்கள்.

"உம்மாக்குப் பொறவு யாருக்காவது கைக்குத் தெரிஞ்சிருக்கணும்லா" என்றாள்.

சொல்லிவிட்டு அழித்தாள். ஆட்டின் நெற்றியில் முடி மெதுவாகப் படிந்தது.