நுனி கீழே பார்த்த தழை

அன்றைக்கு மலையேறியவர்கள் ஐந்து பேர்: முன்னால் மேஸ்திரி, அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர், கொழுந்தனார், நான், கடைசியாகக் கொழுந்தனாரின் மனைவி. வராதவன் ஒருவன், ஒன்றரை வயதான என் மகன். அவனுக்குக் காய்ச்சல். காய்ச்சல் பிள்ளையை எஸ்டேட்டில் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்குள் விடமாட்டார்கள் என்று மேஸ்திரி சொன்னதால், அடிவாரத்தில் என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். "காச்சல் உட்டதும் நானே கொண்டாந்து தாரேன் அம்மிணி" என்றார். இருபது ரூபாய் முன்பணம் கொடுத்து எங்களைக் கூட்டிப்போகிற மனிதர், என் பிள்ளையை எதற்குச் சுமப்பார்? முதல் புங்கமரத்தடியிலேயே எனக்கு இந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

துரைமார் குதிரையில் போகக் கல் பாவிய பாதை ஒன்று அடிவாரத்திலிருந்து மலைமேல் இருக்கும் கொட்டச்சேடு ஊர்ப் பக்கம் பளிச்சென்று ஏறியது. மேஸ்திரி கொஞ்ச தூரத்திலேயே அதை விட்டு விலகிக் காட்டுக்குள் நுழைந்தார். கூலியாட்கள் அந்தப் பாதையில் போகக்கூடாதாம். காட்டுக்குள் ஓர் ஓடையைத் தாண்டினோம். மூச்சு வாங்க ஏறியபின் மறுபடி ஓர் ஓடை. அப்புறம் இன்னொன்று. எனக்கு எல்லாம் ஒரே ஓடையாகத் தெரிந்தது. முன்பணம் தீரும்வரை யாரும் தப்பி இறங்கிவிடாதபடி, வழி மறக்கச் சுற்றிச் சுற்றிக் கூட்டிப்போவார்கள் என்று எங்கள் ஊரில் பேச்சு உண்டு.

"ஏனுங்க மேஸ்திரி, இதே ஓடையத்தானுங்க மொதல்ல தாண்டுனோம்?"

"ஓடை அதேதான் அம்மிணி. மலைதான் நம்மளச் சுத்தி வருது" என்று சிரித்தார்.

என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "இவளுக்குச் சோத்துல கல்லு இல்லீன்னா, யாரு எடுத்தாங்கன்னு கேப்பாளுங்க" என்றார். கொழுந்தனாரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை கீழே கிடக்கிறான், திரும்பிப் போக வழி தெரியவேண்டும். அதை யாரிடம் சொல்ல?

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பாறையில் கரியால் ஏதாவது எழுதலாம் என்றால், மேஸ்திரிக்குப் படிக்கத் தெரிந்திருக்குமோ என்று பயம். அதனால் வழி பிரிகிற இடத்திலெல்லாம் ஒரு தழையை ஒடித்து, நுனி நாங்கள் வந்த பக்கம் கீழே பார்க்கும்படி வைத்து, மேலே ஒரு கல்லை ஏற்றினேன். பின்னால் வந்த கொழுந்தனார் மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"எந்தச் சாமிக்குங்கக்கா?"

"மலைச்சாமிக்கு. கால்வலி போவும்."

மலைவழிகளில் போகிறவர்கள் தழை ஒடித்துப் போட்டுக் கும்பிடுவது வழக்கம்தானே. அவளும் ஒன்று ஒடித்து என் தழைமேல் போட்டுக் கும்பிட்டாள். அடுத்த பிரிவில் நான் தழை வைக்கும்போது மேஸ்திரியே திரும்பி வந்து நின்றார். குனிந்து என் தழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு பெரிய கிளையாக ஒடித்து அதன்மேல் போட்டுவிட்டு நடந்தார். கும்பிடவில்லை. அடையாளத்தை மறைக்கத்தான் போட்டார் என்று நினைத்தேன்.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்த நாட்களில், கீழே போய் வந்தவர்களிடமெல்லாம் பிள்ளையைப் பற்றிக் கேட்பேன். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். மேஸ்திரியோ ஒவ்வொரு முறையும் "இன்னும் உடம்பு அனலாத்தான் இருக்குது" என்பார். உண்மையில் காய்ச்சலா, அதற்கும் மேலா, மறைக்கிறாரா என்று சோறு இறங்காமல் கிடந்தேன். புது ஆள் பிடிக்க அவர் கீழே போயிருந்த ஒரு நாள், விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் இறங்கினேன்.

முதல் பிரிவிலேயே திகைத்து நின்றுவிட்டேன். என் ஒற்றைத் தழை இருந்த இடத்தில் இடுப்பளவு தழைக்குவியல். எங்களுக்குப் பின்னால் ஏறிய கூட்டமெல்லாம் ஆளுக்கொன்று போட்டுக் கும்பிட்டிருக்கிறது. எந்தத் தழையின் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யார் சொல்வது? அடுத்த பிரிவில் இரண்டு குவியல்கள், வழிக்கொன்றாக. அழுதுகொண்டே ஏதோ ஒன்றில் இறங்கினேன். அது குதிரைப் பாதையில் கொண்டுபோய் விட்டது. எதிரே, தோளில் என் மகனை உட்கார வைத்துக்கொண்டு மேஸ்திரி ஏறி வந்துகொண்டிருந்தார்.

பையன் அவர் தலைப்பாகையைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தான். நான் பாய்ந்து வாங்கிக்கொண்டேன். மேஸ்திரி வேர்வையைத் துடைத்தார்.

"தழையெல்லாம் நீ வெச்சதுதான அம்மிணி? நொம்ப நல்லா வெச்சே. இப்ப மலையெல்லாம் ஒரே சாமி."

"இந்த வழியில நாம போவக்கூடாதுன்னு சொன்னீங்களே?" என்று மட்டும் கேட்டேன்.

"சின்னச்சாமியச் சொமந்துட்டு ஓடையில எறங்க முடியுமா? துரை கேட்டா நான் பாத்துக்கறேன். நட."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிள்ளை மேலே வந்துவிட்டால் தாய் கீழே ஓடமாட்டாள், முன்பணம் பத்திரம் என்று கணக்குப் போட்டிருப்பாரோ என்றுதான் அந்த ஏற்றம் முழுக்க யோசித்தேன். அந்த ஓடை நிஜமாகவே வளைந்து வளைந்துதான் போகிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவரும் அன்றைக்கு வேண்டுமென்றே எங்களை வளைத்துக் கூட்டிப்போனாரா என்பதுதான் கடைசிவரை தெரியவில்லை.

முன்பணம் தீராதவர்களை அவர் இறங்க விடுவதில்லை. ஆனால் அக்காவுக்கு முடியாமல் போய், நாங்கள் பாக்கி வைத்துக்கொண்டே மூட்டை கட்டியபோது, முதல் பிரிவில் குவியலுக்குப் பக்கத்தில் மேஸ்திரி நின்றிருந்தார். அவர் ஒரு தழையை ஒடித்துக் குவியல்மேல் வைத்தார், நுனி கீழே பார்க்கும்படி. "பாத்துப் போங்க" என்றார். பணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. பின்னாலேயே ஆள் அனுப்புவார் என்று வழியெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினோம். அன்றும் யாரும் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை.

இப்போது அந்தப் பக்கம் பஸ் போகிறது. போன மாசம் மகனோடு போனேன். குவியல் இருந்த இடத்தில் மஞ்சள் துணி சுற்றிய கல். "நொம்ப சக்தியுள்ள சாமிங்க. தொலஞ்சு போனவங்களுக்கு வழி காட்டும்" என்றார் பக்கத்துக் கடைக்காரர். ஒரு புங்கந்தழையை ஒடித்து, நுனி கீழே பார்க்க வைத்தேன். பாக்கியை ஏன் கேட்காமல் விட்டார் என்ற சந்தேகம் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடுவதில்லை. கேட்க அவர் இல்லை. பாக்கி ஆறரை ரூபாய்.