அந்தோனியாரிடம் கேட்டு வாங்கிய வெற்றி

தொண்ணூற்று நான்காம் ஆண்டு. ஜெர்மனியில் வெஸ்ட்பாலியா பக்கம் ஒரு சின்ன நகரம். அதன் ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டியிருந்த அகதிகள் விடுதியில் ஓர் அறையில் நானும் என் கணவரும் இருந்தோம். பொதுச் சமையலறையின் யன்னலைத் திறந்தால் அந்த ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானம் தெரியும். கீழ்ப்பிரிவில் ஆடுகிற சாதாரணக் கழகம். அந்தக் கழகத்துக்காக நான் ஒரு நேர்த்தி வைத்தேன். நேர்த்தி பலித்தது. நேர்த்தி பலித்ததற்காக அழுத பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதலில் என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர்கள். எங்கள் ஊரில் பிள்ளை நடக்க முதலே பந்தை உதைக்கும் என்று பகிடியாகச் சொல்வார்கள். கோயில் திருநாள் என்றால் காலையில் பூசை, பின்னேரம் பந்து. கடற்கரை மணலில் நாலு கம்பு நட்டால் அதுதான் மைதானம். வேலியும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. இவர் பின்வரிசையில் ஆடுவார். இவருடைய தம்பி கோல் காப்பாளர். தம்பிக்குக் கை நல்ல கை, ஆனால் கோல் கம்பத்தை விட்டு முன்னுக்கு வரப் பயம். பந்து உயர்ந்து வந்தால் இவர் தொண்டை கிழியக் கத்துவார்: "தம்பி, வெளியில வா! வா! வா!" ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கும்.

ஒரு நாள் காலையில் அந்தத் தம்பி கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. அன்று கடலில் துப்பாக்கிச் சூடு விழுந்தது என்று மட்டும் சொன்னார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு என் கணவர் பேச்சை விட்டுவிட்டார். ஊமையாகவில்லை. கேட்டால் "ஓம்" என்பார், "இல்லை" என்பார், தேத்தண்ணி வேண்டும் என்றால் அதைச் சொல்வார். அவ்வளவுதான். ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த பிறகும் அதே கதை. வேலை செய்ய எங்களுக்கு அனுமதி இல்லை. சாப்பாட்டுக்குக் காசு தரமாட்டார்கள், கூப்பன் தருவார்கள். கைச்செலவுக்கு மட்டும் மாதம் கொஞ்சம் மார்க் காசு கையில் கிடைக்கும். இவர் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி கட்டிலில் கிடப்பார். எனக்கு இந்த மனிதர் இப்படியே கரைந்து போய்விடுவாரோ என்று பயம் பிடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்திலிருந்து பெரிய சத்தம். இவர் எழுந்து வந்து யன்னலருகே நின்றார். அவராக எழுந்து வந்ததே எனக்கு அதிசயம்.

"இஞ்சரப்பா, போய்ப் பாப்பமே?" என்றேன்.

"ம்" என்றார். அந்த ஒரு "ம்" போதும், நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டேன்.

வாசலில் ஒரு மரப்பெட்டிக் கடை மாதிரி இருக்கும். அதற்குள் வயதான ஓர் அம்மா டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். அங்கே அப்போது பெண்களுக்கு இலவசம். வேலையில்லாதவர்களுக்குப் பாதி. "வேலை இல்லையா?" என்று அந்த அம்மா கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் "இல்லை" என்றேன். பாதிக் காசுக்கு உள்ளே விட்டார். ஒரு கோலுக்குப் பின்னால் புல் வளர்ந்த மண்மேடு. அதில் போய் நின்றோம்.

முதல் பாதி முழுக்க இவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் பாதியில் ஊர்க் கழகத்தின் கோல் காப்பாளர் எங்கள் பக்கம் வந்தார். நெடுத்த, செம்பட்டை முடிப் பொடியன். கிழமை நாட்களில் வீடுகளுக்குக் கூரை ஓடு போடுகிறவர் என்று பிறகு அறிந்தேன். பந்து உயரமாக வந்தது. அந்தப் பொடியன் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

"தம்பி, வெளியில வா! வா! வா!"

மண்மேடு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாராவது ஏசப் போகிறார்களோ என்று நான் இவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். அந்தப் பொடியனும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தான். யாரும் ஏசவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் பியர்க் கோப்பையை உயர்த்தி இவரைப் பார்த்துச் சிரித்தார்.

அதற்குப் பிறகு அங்கே நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் போனோம். கொஞ்ச நாளில் மண்மேட்டில் நின்ற ஜெர்மன்காரர்களும் பந்து உயர்ந்தால் "வா! வா!" என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் வாயில் அது தவளை கத்துகிற மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பொடியன் உண்மையாகவே வெளியில் வரத் தொடங்கினான். ஆட்டம் முடிந்ததும் கையுறையை உயர்த்தி இவருக்குக் காட்டிவிட்டுத்தான் போவான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவர் பேசுவார். "கெட்டிக்காரப் பொடியன். பயம் ஒண்டுதான். அது போயிடும்." சமையலறை மேசையில் உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் பரப்பி எனக்கு ஆட்டத்தை விளங்கப்படுத்துவார். நான் வெங்காயத்தை வெட்ட எடுத்தால், "பொறு, அது நடுவர்" என்பார். அன்றைக்குக் கறி பிந்தும். பிந்தினால் என்ன, என் புருசன் எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தார்.

ஆட்டக் காலம் முடியும் நேரத்தில் கழகம் முன்னணிக்கு வந்துவிட்டது. கடைசி ஆட்டத்தில் வென்றால் அடுத்த பிரிவுக்கு ஏறலாம். எங்கள் ஆட்களுக்கு இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வோம்? ஊர்த் தேவாலயத்தின் மூலையில் அந்தோனியார் சுரூபம் இருந்தது. மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டு, "அந்தோனியாரே, இந்தப் பொடியங்களை மேல ஏத்திவிடும். கடலை அவிச்சுக் குடுக்கிறன்" என்று நேர்த்தி வைத்தேன். ஜெர்மன் அந்தோனியாருக்குத் தமிழ் விளங்குமா என்று ஒரு சந்தேகம் இருந்தது. விளங்கியிருக்கிறது. வென்றுவிட்டார்கள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா? கூப்பனுக்குக் கடலை வாங்கி, அவித்து, செத்தல் மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் போட்டுத் தாளித்து, விடுதியில் இருந்த பெரிய பானையோடு கொண்டாட்டத்துக்குப் போனோம். மண்மேடே கடலை தின்றது. கோல் காப்பாளப் பொடியன் இரண்டு கை அள்ளித் தின்றுவிட்டு, கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் வழிய நின்றான். என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த மைதானத்தில் நான் கேட்ட அவருடைய கடைசிச் சிரிப்பு அது.

கோடை முடிந்து புதிய பிரிவில் முதல் ஆட்டத்துக்குப் போனபோது எனக்கு இடம் மாறி வந்துவிட்டோமோ என்று தோன்றியது. மேல் பிரிவுக்குப் போனால் அதற்கென்று விதிகளாம். உயரமான வேலி, வாசலில் காவலாளிகள். எங்கள் மண்மேட்டை வெட்டிச் சமப்படுத்திப் பிளாஸ்டிக் இருக்கைகள் பூட்டியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் காசு வேண்டும்தானே? டிக்கெட் விலை ஒரேயடியாக ஏறியிருந்தது. பெண்களுக்கு இலவசம் என்ற பலகை போய்விட்டது. பாதி விலை வேண்டுமென்றால் வேலையில்லாதவர் என்பதற்கு அட்டை காட்ட வேண்டும். எங்களிடம் அந்த அட்டை இல்லை. வேலை செய்யத் தடை விதிக்கப்பட்டவர்கள் வேலையில்லாதவர்கள் கணக்கில் வரமாட்டார்களாம். பழைய மரப்பெட்டி அம்மா இப்போது கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். "நான் என்ன செய்ய, விதி" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று எங்கள் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்.

அன்று முழு விலை கொடுத்து இரண்டு பேரும் உள்ளே போனோம். அடுத்த ஆட்டத்துக்கு இவரை மட்டும் அனுப்பினேன். அதற்கடுத்ததற்குக் கையில் எதுவும் மிஞ்சவில்லை. கூப்பனைக் கொடுத்தால் அரிசி தருவார்கள், பந்து காட்டமாட்டார்கள். பிந்தி ஒருமுறை நான் காசைச் சேர்த்து நீட்டியபோது இவர் வாங்கவில்லை. "வை. குளிருக்கு உமக்குச் சப்பாத்து வேணும்" என்றார்.

ரயில் பாதையோரம் ஒரு நடைபாதை உயர்ந்து போகும். அங்கே நின்றால் மைதானத்தில் ஒரு கோல் மட்டும் தெரியும். இவர் அங்கே போய் நிற்கத் தொடங்கினார். அங்கிருந்தும் கத்திப் பார்த்தார். குரல் எட்டவில்லை. கொஞ்ச நாளில் வெளியே நின்று ஓசியில் பார்க்கிறார்கள் என்று கழகம் வேலி நீளத்துக்குப் பச்சைத் துணி கட்டிவிட்டது. அதற்குப் பிறகும் இவர் போய் நின்றார். சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வருவார். வந்தபின் பேச்சில்லை. மேசையில் வெங்காயம் வெங்காயமாகவே கிடந்தது.

எனக்கு அந்தோனியார் மீது வந்த கோபத்தை எழுதினால் சுவாமியார் என்னைக் கோயிலுக்குள் விடமாட்டார். ஏத்திவிடும் என்று கேட்டவள் நான்தானே? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்று சுரூபத்துக்கு முன்னால் நின்று அழுதேன்.

பனிக்காலத்தில் ஒரு ஞாயிறு, இவருக்குச் சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி கொண்டு போனேன். நடைபாதையில் இவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் நின்றார். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தக் கோல் காப்பாளர். உள்ளே ஆட்டம் நடக்கிறது, இவன் வெளியே நிற்கிறான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவன் சொன்னான். மேல் பிரிவில் சில ஆட்டங்கள் போனதும் கழகம் வெளியூரிலிருந்து காசு கொடுத்து வேறு காப்பாளரைக் கொண்டுவந்துவிட்டதாம். இவனைப் போகச் சொல்லிவிட்டார்கள். "கேட்டால் சும்மா உள்ளே விடுவார்கள். எனக்குக் கேட்க மனமில்லை. டிக்கெட் எடுத்து மனைவி பிள்ளையோடு வருவதென்றால் கூரையில் அரை நாள் உழைத்த காசு போய்விடும்" என்றான். பிறகு என் கணவரைக் காட்டி, "இவருக்குச் சொல்லுங்கள். இவர் பின்னால் இல்லாத நாளிலிருந்து நான் மறுபடியும் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டேன். வா என்று சொல்ல ஆள் இல்லை" என்றான்.

நான் தமிழில் சொன்னேன். இவர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவனுக்கு எங்கள் கதை தெரியாது. கடலுக்குப் போன தம்பியைப் பற்றி அன்றுதான் நான் அவனுக்குச் சொன்னேன். அவன் தலையில் இருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். இவர் அவன் தோளில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமலே அழுதார். தம்பி போன பிறகு இவர் அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். துணிக்கு அந்தப் பக்கம் யாரோ கோல் அடித்துச் சனம் கூச்சல் போட்டது. எந்தப் பக்கம் அடித்தது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

போகும்போது அவன், இனித் தான் தன் மாமனாருடைய கிராமத்துக் கழகத்தில் ஆடப் போவதாகவும் அங்கே வேலி இல்லை, கயிறுதான், யாரும் காசு கேட்கமாட்டார்கள், கட்டாயம் வர வேண்டும் என்றும் சொன்னான். "வாறம் எண்டு சொல்லும்" என்றார் இவர். நான் சொன்னேன். ஆனால் அந்தக் கிராமம் எங்கள் மாவட்ட எல்லைக்கு அப்பால் இருந்தது. அகதி வழக்கு முடியும்வரை அனுமதியில்லாமல் எல்லையைத் தாண்ட முடியாது. கேவலார் என்ற ஊரின் மாதா கோயில் திருநாளுக்குப் போகக் கேட்டால் அனுமதித் தாள் தருவார்கள். பந்து பார்க்கப் போகவேண்டும் என்று கேட்டேன். அலுவலகத்தில் இருந்தவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எங்களுக்கு நிரந்தர விசா கிடைத்தபோது அந்தப் பொடியன் முழங்காலில் அடிபட்டு ஆட்டத்தை விட்டுவிட்டான், வேறு ஊருக்கும் போய்விட்டான் என்று கேள்விப்பட்டோம். பிறகு அவனைக் காணவே இல்லை.

தொண்ணூற்றேழில் இவருக்கு ஓர் உணவகச் சமையலறையில் வேலை. கையில் காசு புழங்கியது. இவருடைய பிறந்தநாளுக்கு நான் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு டிக்கெட் வாங்கினேன். விலை இன்னும் ஏறியிருந்தது, ஏறட்டும் என்று வாங்கினேன். எங்கள் பழைய மண்மேடு இருந்த இடத்தில், பிளாஸ்டிக் இருக்கையில் போய் இருந்தோம். இவர் இரண்டு கையையும் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு குளிருக்கு ஒடுங்கியவர் போல இருந்தார். பந்து உயர்ந்து வந்தது. புதிய காப்பாளர் கம்பத்தடியிலேயே நின்றார்.

நான் இவரை இடித்தேன். "இஞ்சரப்பா, சொல்லுங்கோவன்."

"ஆருக்கு?" என்றார்.

இடைவேளை விசில் ஊதியதும் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"வா, போவம்."

அன்று அந்த மைதானத்தில் அவர் சொன்ன ஒரே "வா" அதுதான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் மெழுகுதிரி கொளுத்துகிறேன். அந்தோனியாரோடு எனக்கிருந்த கோபம் மெல்ல மெல்லத் தீர்ந்துவிட்டது, அவர் நான் கேட்டதைத்தானே தந்தார். ஆனால் யாருக்காக, எந்த உயர்ச்சியைக் கேட்டாலும், கடைசியில் ஒரு வரியைச் சேர்க்காமல் நான் எழும்புவதில்லை: "ஏத்திவிடும் அந்தோனியாரே, ஆனா ஏத்தேக்குள்ள ஆரையும் வேலிக்கு வெளியில விட்டிடாதேயும்."